புல்லட் பிரைமரி செயினுக்கு வெளிக் கம்பெனி டென்ஷனர் பேட் வாங்குகிறீர்களா? கவரை மூடும் முன் இதைப் பாருங்கள்

காஸ்ட் அயர்ன் சிலிண்டர் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் வாங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் இந்த அனுபவம் வந்துவிடும். ஐடிலில் நிற்கும்போது இடது பக்கத்திலிருந்து ‘கடகட’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் குனிந்து காது கொடுத்துவிட்டு, “பிரைமரி செயின் லூஸ் சார். பேட் தேஞ்சிருக்கும், மாத்திடலாம்” என்பார். ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் ஒரே பேடை மூன்று விலையில் எடுத்து வைப்பார்கள். பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது, எவ்வளவு இறுக்குவது என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியை நிதானமாகச் செய்துவிடலாம்.

அந்த பேட் அங்கே ஏன் இருக்கிறது?

இது புரியாமல் கவரைத் திறக்காதீர்கள். இஞ்சினின் கிராங்க்கிலிருந்து கிளட்சுக்குச் சக்தியைக் கொண்டு போவது பிரைமரி செயின். புல்லட்டில் இது 3/8 அங்குல பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரம்) கொண்ட இரட்டை வரிசைச் செயின். முன்னால் 25 பல், பின்னால் கிளட்சில் 56 பல். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் கியர் பாக்ஸ் தனியாக இருக்கும். செயின் தளர்ந்தால் கியர் பாக்ஸையே பின்னால் நகர்த்தி இறுக்குவார்கள். புல்லட்டில் அது முடியாது, கியர் பாக்ஸ் இஞ்சினின் பின்புறத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பல் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது, ஆனால் செயின் தேயத் தேய நீளும். அந்தக் கூடுதல் நீளத்தை வாங்கிக்கொள்ளத்தான் கீழே ஒரு பேட் வைத்து, ஒரு திருகால் மேலே தள்ளுகிறார்கள்.

ஏன் கீழே? வண்டி ஓடும்போது இழுவை செயினின் மேல் ஓட்டத்தில் இருக்கும், கீழ் ஓட்டம் தளர்வாக இருக்கும். தளர்வான பக்கத்தைத்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் ஆக்சிலரேட்டரை மூடியதும் கதை தலைகீழாகிவிடும். பின்சக்கரம் இஞ்சினை ஓட்டத் தொடங்கும், கீழ் ஓட்டம் விறைக்கும், பேடை ஓங்கி அறையும். நகரத்துப் போக்குவரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடுகிறோம்! ஒவ்வொரு முறையும் அந்த பேட் அடி வாங்குகிறது, அதுவும் சூடான எண்ணெயில் ஊறியபடி. மட்டமான பேட் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை பேர் இந்த ஒரே பாகத்தைத் தயாரிப்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்த இந்த இஞ்சினை 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கொண்டுவந்தார்கள். திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் தயாரானது. ஒரு அச்சு செய்தால் பல்லாண்டு வண்டிகளுக்கு விற்கலாம் என்பதால் பட்டறைக்குப் பட்டறை இதை அடிக்கிறார்கள். அதில் நல்லதும் உண்டு. வெளி பேட் எல்லாமே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். சோதிக்காமல் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

என் வண்டியில் நடந்தது

என்னுடையது 350, நான்கு கியர், வலது பக்கக் கியர் லீவர். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பளபளப்பான பாக்கெட்டில் ஒரு பேட் வாங்கிப் போட்டேன். இரண்டு மாதம் வண்டி அமைதியாக ஓடியது. அப்புறம் பழைய சத்தம் திரும்ப வந்தது, இந்த முறை கூடவே இடையிடையே ஒரு ‘டக்’. கவரைத் திறந்தால் எண்ணெயோடு சேர்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் துண்டு தட்டில் விழுந்தது. இன்னொரு துண்டு ஸ்டேட்டருக்கு (மின்சாரம் தயாரிக்கும் கம்பிச் சுருள்) அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேடில் மீதி இருந்தது வெறும் இரும்புத் தகடு, அதன்மேல் செயின் இரண்டு கோடுகளைச் செதுக்கியிருந்தது. எண்ணெய் சாம்பல் நிறமாகி, விரலில் தேய்த்தால் வெள்ளித்தூள் போல மின்னியது. செயின் ரப்பரைத் தின்று முடித்து இரும்பைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஓட்டியிருந்தால் செயினும் போயிருக்கும். அன்றிலிருந்து எந்த பேடையும் வாங்கிய அன்றே வண்டியில் போடுவதில்லை.

முதல் படி: சத்தம் செயினுடையதுதானா?

பேட் வாங்கப் போகும் முன் இதை உறுதி செய்யுங்கள். புல்லட்டில் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம் வலது பக்கம் வரும், பிரைமரி சத்தம் இடது பக்கம். வண்டியை நன்றாகச் சூடாக்கி நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் அப்படியே நின்றுபோனால், கியர் பாக்ஸ் பக்கத்தையோ கிளட்சையோ முதலில் சந்தேகியுங்கள். பிடித்தாலும் விட்டாலும் அதே சத்தம் இருந்தால் செயினாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு அடையாளம், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை மூடினால் கடகடப்பு கூடும், லேசாகத் திறந்து இழுவை கொடுத்தால் அடங்கும்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கவரின் கீழ்நடுவில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேளுங்கள். இது பழைய மெக்கானிக்குகளின் வழி, இன்றும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. தளர்ந்த செயினானால் அடி சீராக விழாது, வந்து வந்து போகும்.

சத்தம் கடகடப்பாக இல்லாமல் ‘ஊங்ங்’ என்று இழுத்தால் செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அது இன்னும் மோசம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கவரைக் கழற்றுதல்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில், சமதரையில் நிறுத்துங்கள். இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் வண்டியை எடுக்கும் முன் செய்வது நல்லது. பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இஞ்சினைக் கையால் லேசாகச் சுற்ற முடியும், தப்பித்தவறி ஸ்டார்ட் ஆகிவிடவும் செய்யாது. திறந்த செயினில் விரல் மாட்டினால் விரல் மிஞ்சாது என்பதால் இந்த இரண்டையும் தவிர்க்காதீர்கள்.

இடது ஃபுட் ரெஸ்ட்டைக் கழற்றுங்கள். வலது பக்கக் கியர் உள்ள வண்டியில் பிரேக் பெடல் இடது பக்கம் குறுக்கே நிற்கும், அதையும் விலக்க வேண்டும். கீழே அகலமான தட்டு வைத்துவிட்டு, கவரின் நடுவிலுள்ள அந்த ஒற்றை நட்டைக் கழற்றினால் கவர் வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கையால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் போதும், வாழ்நாள் முழுக்க எண்ணெய் கசியும்.

தட்டில் விழுந்த எண்ணெயை உடனே வெளியே கொட்டிவிடாமல், வெள்ளைத் துணியில் கொஞ்சம் தடவி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் பொடி என்றால் ரப்பரோ கிளட்ச் பிளேட்டின் தேய்மானமோ. வெள்ளி மினுமினுப்பு என்றால் உலோகம் உரசுகிறது, எங்கே என்று தேடியாக வேண்டும். கவரின் உட்புறத்தில் புதிதாகச் செதுக்கிய கோடு இருந்தால் செயின் அங்கே அடித்திருக்கிறது.

மூன்றாம் படி: செயினையும் கிளட்சையும் பாருங்கள்

புது பேட் போட்டும் சத்தம் போகவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். புது செயினில் 12 பிட்ச் என்பது 114.3 மி.மீ. பேடை மேலே தள்ளிச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து 12-ஆவது பிட்சின் பின்னின் அதே ஓரம் வரை அளந்து பாருங்கள். 116-ஐத் தாண்டிவிட்டால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேய்ந்த செயினுக்குப் புது பேட் போடுவது காசுக்குக் கேடு.

கிளட்சின் பெரிய சக்கரத்தை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதன் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் செயினின் இறுக்கம் சுற்றுக்குச் சுற்று மாறும். எந்த பேடாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நான்காம் படி: பேடைக் கையில் வைத்துச் சோதியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்குப் போகும்போதே எடுத்துப் போய், புதியதோடு முதுகுக்கு முதுகு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைக்காரர்கள் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பழையதைக் கொண்டுவருபவரை மதிக்கவே செய்வார்கள்.

முதலில் ஒட்டு. தகட்டின்மேல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ எதுவாக இருந்தாலும், அதன் ஓரம் முழுக்கக் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். எங்கேயாவது நகம் உள்ளே போனால் அந்த பேட் வேண்டாம். நான் வாங்கியதில் ஒரு மூலையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்திருக்கிறது, பழைய பாக்கெட்டில் கிடந்த ஜோடியைப் பிற்பாடு பார்த்தபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது, எண்ணெய்ச் சோதனை. வெர்னியரால் பேடின் கனத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிரைமரியில் ஊற்றப்போகும் அதே எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி பேடை அதில் மூழ்க வையுங்கள். டப்பாவைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றி, அப்படியே இரண்டு நாள் விடுங்கள். அடுப்பின் நெருப்பில் நேராக வைக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்துத் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். நல்ல ரப்பரில் கனம் அநேகமாக மாறாது. மட்டமானது உப்பிக் கொழகொழத்துவிடும், நகம் பட்டால் பதியும், எண்ணெயும் கறுத்துப்போகும். கொஞ்சம் பொறுமை வேண்டும்தான், ஆனால் செயினுக்குள் நடக்கப் போவது டப்பாவுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

மூன்றாவது, அச்சுத் துளை. பேட் எந்தப் பின்னில் மாட்டி ஆடுகிறதோ அதில் மாட்டி, தூக்கிவிட்டால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பிடித்தால் துளையின் ஓரத்தில் பிசிறு இருக்கும், மெல்லிய அரத்தால் நீக்கலாம். துளை பெரிதாகிப் பக்கவாட்டில் ஆடினால் வேறு வாங்குங்கள். ஆடுகிற பேட் செயினுக்குச் சாய்வாக நிற்கும், ஒரு வரிசை மட்டும் அதன்மேல் ஏறும், ஒரு பக்கம் மட்டும் குழியாகும்.

நான்காவது, உயரம். வெளி பேட்களில் நான் அதிகம் பார்த்த குறை இது. சிலவற்றில் ரப்பரைக் கனமாகப் போட்டிருப்பார்கள். திருகை முழுக்கத் தளர்த்தினாலும் புது செயின் இறுகியே நிற்கும். கனமாக இருந்தால் நீடித்து உழைக்கும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப்பட்டதை அரம் போட்டுத் தேய்த்து மாட்டும் பட்டறைகளும் உண்டு. தேய்த்த முகம் செயினுக்கு இணையாக இருக்காது என்பதால் நான் அதைச் செய்ய மாட்டேன்.

திருகு படும் இடத்தையும் பாருங்கள். தகடு மெலிதாக இருந்தால் திருகின் முனை கொஞ்சம் கொஞ்சமாகக் குழி பறித்து, வைத்த இறுக்கம் தானாகத் தளரும்.

ஐந்தாம் படி: மாட்டி, இறுக்கம் வைத்தல்

மாட்டும்போது ஸ்டேட்டரைக் கழற்ற வேண்டி வந்தால், திரும்பப் போடும்போது அதற்குள் சுழலும் ரோட்டருக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் சில கிலோமீட்டரிலேயே உரசத் தொடங்கிவிடும்.

இனி இறுக்கம். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை மேலே ஏற்றிக்கொண்டே செயினின் மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கி அமுக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக மொத்தம் 6 மி.மீ., அதாவது கால் அங்குலம் ஆட வேண்டும். இதை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, நின்று நின்று பாருங்கள். 25-க்கும் 56-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது, ஆகவே அதே பல்லும் அதே பல்லும் மறுபடி சேர வெகு சுற்றுகள் ஆகும். இரண்டு சுற்றில் இறுகலான இடம் கண்ணில் படாமல் போகலாம். குறைந்தது கிளட்ச் பத்துச் சுற்றாவது சுற்றட்டும். எங்கே செயின் மிக விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தில் 6 மி.மீ. இருக்கும்படி வையுங்கள். மற்ற இடங்களில் அதிகமாக ஆடினால் ஆடட்டும்.

லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடும். திருகை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள், இறுக்கிய பின் மறுபடி அளங்கள். மரை இளகிய திருகோ மழுங்கிய நட்டோ இருந்தால் பேடோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினா சத்தமே வராதே அண்ணே” என்று என் தெருப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். இஞ்சின் கேஸ் அலுமினியம், செயின் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. கிராங்க்கும் கிளட்சும் ஒன்றையொன்று விட்டு விலகும், செயின் அந்த அளவுக்கு நீளாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே ஆட்டத்தில் நன்றாகத் தெரியும். காலையில் கச்சிதமாக வைத்த செயின் மதிய வெயிலில் கம்பி போல விறைத்துவிடும். அப்போது அது கிராங்க்கின் பேரிங்கையும் கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்டின் பேரிங்கையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. லூஸ் செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுகிய செயின் அப்படிச் சொல்லாது, பேரிங் போன பிறகுதான் தெரியும். பழைய ஹார்லி-டேவிட்சன் பெரிய ட்வின் (இரட்டை சிலிண்டர்) வண்டிகளின் கையேட்டில் இதற்காகவே இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். குளிர்ந்த இஞ்சினில் 5/8 முதல் 7/8 அங்குலம், சூட்டில் 3/8 முதல் 5/8. அந்த எண்கள் அந்த வண்டிக்குரியவை, புல்லட்டில் வைத்துவிடாதீர்கள்.

தானியங்கி டென்ஷனர் பற்றி

திருகுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்து, ‘ஒருமுறை மாட்டினால் போதும்’ என்று வரும் வெளி டென்ஷனர்களையும் பார்ப்பீர்கள். காஸ்ட் அயர்ன் புல்லட்டில் நான் அதைப் போட மாட்டேன். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் ஆக்சிலரேட்டரை மூடும்போதெல்லாம் அமுங்கிச் செயின் துள்ளும், கடினமாக இருந்தால் எப்போதும் விறைத்தே கிடக்கும். ஹார்லியில் 2006 டைனா மாடலிலும் 2007-இல் மற்ற பெரிய ட்வின்களிலும் தானியங்கி டென்ஷனர் வந்தது. அது பல் பல்லாக மேலே ஏறும், இறங்காது. செயின் ஒருமுறை துள்ளும்போது ஏறிவிட்டால் அந்த இறுக்கத்திலேயே நிற்கும். அதைக் கழற்றிவிட்டுத் திருகு வைத்த பழைய வகையை வாங்கிப் போட்டுக்கொண்ட உரிமையாளர்கள் நிறையப் பேர்.

2009-க்குப் பின் வந்த யுசிஇ இஞ்சின் (இஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் உள்ள வகை) கிளாசிக் வண்டியானால் இந்தக் கட்டுரையின் சோதனைகள் பொருந்தும், செய்முறை பொருந்தாது. அதில் இஞ்சின், கியர் பாக்ஸ், பிரைமரி மூன்றுக்கும் ஒரே எண்ணெய். பேட் பிய்ந்தால் துண்டுகள் எண்ணெய் வடிகட்டி வரை பயணம் போகும். அதில் மட்டும் வெளி பேடில் சோதனை செய்து பார்க்காதீர்கள், கம்பெனி பார்ட்டையே கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: மூடுதல், அப்புறம் மறுபடி பார்த்தல்

கவரின் பள்ளத்தையும் கேஸின் விளிம்பையும் துடைத்து, ரப்பர் வளையம் தடித்துச் சுருண்டிருந்தால் புதிதாகப் போடுங்கள். நடு நட்டை ஓங்கி இறுக்கினால் கசிவு நிற்காது, கவர்தான் வளையும். வளையம் சரியாக உட்கார்ந்தால் மிதமான இறுக்கமே போதும். எண்ணெயை லெவல் ஸ்க்ரூ வழியே சொட்டத் தொடங்கும் வரை ஊற்றி மூடுங்கள்.

பிளக், பேட்டரி எல்லாம் மாட்டிவிட்டு 15 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். இஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டு, கவரின் மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே எல்லாம் கொதிக்கும், கையை விடாமல் முனை வளைத்த கம்பியால் செயினைத் தூக்கிப் பாருங்கள். சூட்டிலும் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடவே இல்லையென்றால் அன்றைக்கே வண்டியை ஆறவிட்டுத் திறந்து, திருகைக் கொஞ்சம் இறக்குங்கள்.

புது பேட் முதலில் செயினின் வடிவத்துக்குக் கொஞ்சம் படிந்துகொடுக்கும், அதனால் 500 கி.மீ.யில் கவரை இன்னொரு முறை திறங்கள். பேடின் முகத்தில் இரண்டு வரிசைக்கும் ஒரே ஆழத்தில், மெல்லிய இரண்டு பளபளப்பான தடங்கள் இருக்க வேண்டும். ஒன்று ஆழமாகவும் மற்றது தெரியாமலும் இருந்தால் பேட் சாய்ந்து நிற்கிறது. ஓரத்தில் நகத்தை விட்டு மறுபடி ஒருமுறை நெம்பிப் பாருங்கள். எண்ணெயையும் துணியில் தடவிப் பாருங்கள். அது தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் அளவை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மூடிவிடலாம், அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.